திருகி உள்ள அடுப்பும் திருகி இல்லாத அடுப்பும்

பினாங்கில் ஒரு சாப்பாட்டுக் கடையைப் பற்றிப் பேச்சு வந்தால், கைப்பக்குவத்துக்கு முன்னால் அடுப்பைப் பற்றிய விசாரணைதான் வரும். சார் குவே தியாவ் வறுக்கிறவர் இன்னும் கரியடுப்புதான் வைத்திருக்கிறாரா, கேஸுக்கு மாறிவிட்டாரா என்று கேட்டுவிட்டு, அதன் பிறகே வரிசையில் நிற்பதா என்று முடிவு செய்கிறவர்கள் இங்கே உண்டு. லிட்டில் இந்தியாவின் தோசைக் கடைகளிலும் இதே கதைதான். மாவு நேற்று ஆட்டிய அதே மாவு. கல்லின் சூடு கொஞ்சம் ஏறினால் ஒரு தோசை, கொஞ்சம் இறங்கினால் வேறொரு தோசை.

வேப் கடையில் மட்டும் இந்த விசாரணை நடப்பதில்லை. "அண்ணே, ஃபிக்ஸட் வோல்ட் போதுமா, கூட்டிக் குறைக்கிறது வாங்கணுமா?" என்று வாடிக்கையாளர் கேட்பார். "கூட்டிக் குறைக்கிறதே எடுங்க பாஸ், ஆவி நல்லா வரும்" என்று பதில் வரும். விலை பேசி, நிறம் பார்த்து, வியாபாரம் முடிந்துவிடும். காயிலின் ஓம் எவ்வளவு என்ற கேள்வி இரண்டு பேர் வாயிலிருந்தும் வராது. அந்த எண் தெரியாமல் வோல்ட்டைப் பற்றி முடிவெடுப்பவர், பர்னர் பெரியதா சிறியதா என்று பார்க்காமலே அடுப்பின் திருகியில் கை வைக்கிறார்.

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். சிகரெட் பழக்கம் இல்லாதவருக்கு நிலையான வோல்ட்டும் வேண்டாம், மாறும் வோல்ட்டும் வேண்டாம். இந்தக் கட்டுரையை விஞ்ஞானப் பாடமாகப் படித்துவிட்டு அவர் தோசை சாப்பிடப் போகலாம். சிகரெட்டை விடுவதற்காக வேப்புக்கு வந்தவர்களும், வீட்டில் பிள்ளையின் பையில் ஒன்றைக் கண்டெடுத்து இது என்னவென்று புரியாமல் நிற்கிற பெற்றோரும் தெரிந்துகொள்ள வேண்டிய சங்கதிகள் இதில் இருக்கின்றன.

கல்லும் மாவும்

வேப் கருவியைப் பிரித்துப் பரப்பினால் ஒரு தோசைக் கடையின் சாமான்கள் அனைத்தும் கிடைக்கும். மின்கலம் என்பது கேஸ் சிலிண்டர். காயில் என்கிற சின்னஞ்சிறு சுருள்கம்பிதான் கல். கம்பியை ஒட்டியிருக்கும் பஞ்சு, மாவை மொண்டு கல்லில் விடுகிற கரண்டி. பஞ்சில் ஊறியிருக்கும் திரவம் மாவு. பொத்தானை அழுத்தினால், சில கருவிகளில் வெறுமனே உறிஞ்சினாலே, கம்பியில் மின்சாரம் ஓடுகிறது. கம்பி சுடுகிறது, பஞ்சிலுள்ள திரவம் ஆவியாகிறது. அந்த ஆவி காற்றில் குளிர்ந்து நுண்துளிகளாகத் திரளும்போது வெள்ளையாகக் கண்ணுக்குத் தெரிகிறது. பேச்சுவழக்கில் அதைப் புகை என்கிறோம். ஆனால் ஒழுங்காக இயங்கும் கருவியில் எதுவும் எரிவதில்லை. எரிந்தால் தோசை கருகிவிட்டது என்று பொருள்.

கம்பி ஒன்றும் புதிய பொருள் இல்லை. நிக்கலும் குரோமியமும் கலந்த நிக்ரோம் கம்பிக்கு அமெரிக்காவின் ஆல்பர்ட் மார்ஷ் 1906இல் காப்புரிமை பெற்றார். ரொட்டி வாட்டும் டோஸ்டரில் சிவந்து ஒளிர்கிற கம்பி அதுதான். வேப் காயில்களில் நிக்ரோமும் இருக்கும். இரும்பு, குரோமியம், அலுமினியம் சேர்ந்த காந்தால் கம்பியும் இருக்கும். அதாவது நூறாண்டுக்கு மேலாகச் சமையலறையில் வேலை பார்த்த கம்பி, இப்போது வாய்க்கு மிக அருகே வந்து உட்கார்ந்திருக்கிறது.

மாவு விஷயம் கொஞ்சம் நுணுக்கமானது. பெரும்பாலான திரவங்களில் புரோப்பிலீன் கிளைகாலும் கிளிசரினும்தான் அடிப்படை. அவற்றோடு வாசனைப் பொருள்கள், பெரும்பாலும் நிகோடின். புரோப்பிலீன் கிளைகால் 188 டிகிரி செல்சியஸில் கொதிக்கும். நிகோடினுக்கு 247 டிகிரி, கிளிசரினுக்குச் சுமார் 290 டிகிரி வேண்டும். கலவை இவற்றுக்கு இடையில் எங்கோ ஆவியாகும். ஆகவே கிளிசரின் அதிகமுள்ள கெட்டியான திரவத்துக்குத் தீ கொஞ்சம் கூடுதலாக வேண்டும். மெல்லியதற்குக் குறைவாகப் போதும். ஊத்தப்பத்துக்கும் நீர்த்தோசைக்கும் ஒரே தீ வைப்பவர் யாரும் இல்லையே.

தோசை ஊற்றுகிறவருக்குப் பாடமாகத் தெரியாவிட்டாலும் கையில் பழகிய ஒரு பௌதிகம் உண்டு. மாவில் ஈரம் இருக்கும்வரை, கல்லின் சூடு அந்த ஈரத்தை ஆவியாக்குவதிலேயே செலவாகும். மாவின் சூடு ஓர் எல்லைக்கு மேல் ஏறாது. ஈரம் தீர்ந்த அடுத்த கணம் சூடு தாவும், ஓரம் கறுக்கும். காயிலிலும் இதேதான் நடக்கிறது. பஞ்சு நனைந்திருக்கும்வரை கம்பியின் சூடு கட்டுக்குள் நிற்கும். பஞ்சு திரவத்தை மொண்டு தரும் வேகத்தைவிடக் கம்பி அதை ஆவியாக்கும் வேகம் கூடினால் கம்பியருகே பஞ்சு காய்ந்துவிடும், சூடு பாயும். பிடிக்கிறவர்கள் இதைக் கருகிய இழுப்பு என்பார்கள். தொண்டையைச் சுரண்டும் அந்த நெடியை ஒருமுறை அனுபவித்தவர் மறக்க மாட்டார். நிலையான வோல்ட்டா, மாறும் வோல்ட்டா என்ற கேள்வியின் உயிர்நாடி இந்தப் போட்டிதான்: கரண்டி ஊற்றும் வேகத்துக்குத் தகுந்த தீயா, இல்லையா?

வோல்ட்டும் ஓமும்

வோல்ட் என்பதைச் சிலிண்டரிலிருந்து வரும் அழுத்தம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஓம் என்கிற மின்தடை பர்னரின் துளை. இது தலைகீழ்க் கணக்கு: ஓம் குறையக் குறையத் துளை பெரிதாகும். இரண்டும் சேர்ந்து கல்லுக்குக் கிடைக்கிற தீயின் அளவுதான் வாட். வோல்ட்டை அதே வோல்ட்டால் பெருக்கி, ஓமால் வகுத்தால் வாட் வந்துவிடும். கைப்பேசியில் கால்குலேட்டர் இருக்கிற யாரும் கடை வாசலிலேயே போட்டுப் பார்க்கலாம்.

1.8 ஓம் காயில் ஒன்றை எடுத்துக்கொள்வோம். 3.2 வோல்ட்டில் அது 5.7 வாட் தீ. 3.7 வோல்ட்டில் 7.6. 4.2 வோல்ட்டில் 9.8. 4.8 வோல்ட்டில் 12.8 வாட். வோல்ட் ஒன்றரை மடங்குதான் கூடியிருக்கிறது. தீ இரண்டே கால் மடங்கு கூடிவிட்டது. வோல்ட்டை வோல்ட்டாலேயே பெருக்குவதால் வருகிற வினை இது. திருகியின் கடைசிக் கால் சுற்று, முதல் கால் சுற்றைவிட அதிகத் தீயைக் கொண்டுவருகிறது. மேல் கோடிக்குப் போகப் போக விரலின் சின்ன அசைவும் பெரிய அசைவு.

இனி வோல்ட்டை 3.7இலேயே நிறுத்திவிட்டுக் காயிலை மட்டும் மாற்றுங்கள். 1.8 ஓமில் 7.6 வாட்டாக இருந்த தீ, 1 ஓமில் 13.7 வாட் ஆகிவிடும். திருகியைத் தொடவே இல்லை. பர்னரை மாற்றியதிலேயே தீ ஏறத்தாழ இரட்டித்துவிட்டது. "நான் எப்பவும் நாலு வோல்ட்லதான் வைப்பேன்" என்று ஒருவர் இன்னொருவருக்கு ஆலோசனை சொல்வதில் அர்த்தமே இல்லாமல் போவது இதனால்தான். யாருடைய காயிலில் நாலு வோல்ட்?

மூன்று அடுப்புகள்

நிலையான வோல்ட் என்ற பெயரில் கடைகளில் இரண்டு வேறு வேறு சாமான்கள் விற்கப்படுகின்றன. இதை முதலில் பிரித்துப் பார்க்க வேண்டும்.

ஒன்று கரியடுப்பு. பினாங்கு அங்காடிகளின் கரிக்கெல்லாம் தாயகம்போல் பேசப்படுகிற கோல செபெத்தாங்கின் சதுப்பு மரக் கரியானாலும் சரி, பற்றவைத்ததும் சீறும், நேரம் போகப் போகத் தணியும். லித்தியம் மின்கலமும் அப்படித்தான். முழுதாகச் சார்ஜ் ஏறியிருக்கும்போது 4.2 வோல்ட், தீரும் தறுவாயில் 3.2 வோல்ட் பக்கம். அட்டையில் போட்டிருக்கும் 3.7 என்பது நடுவாந்தரமான ஓர் எண், அவ்வளவே. இடையில் எந்தக் கட்டுப்பாட்டு மின்சுற்றும் இல்லாமல் மின்கலத்தை நேரே காயிலில் கொண்டுபோய் இணைக்கிற கருவியில், நமது 1.8 ஓம் காயில் காலையில் 9.8 வாட்டில் தொடங்கி, சாயங்காலம் 5.7 வாட்டில் முனகும். மலிவான பேனா வகைக் கருவிகள் சிலவும், மெக்கானிக்கல் மோட் எனப்படும் உலோகக் குழாய்களும் இந்த ரகம். கரியடுப்பில் விசிறியோடு நிற்கிற கிழவருக்கு நாற்பது வருட அனுபவம் இருக்கிறது. நேற்று மெக் மோட் வாங்கிய தம்பிக்கு அது இல்லை. 0.2 ஓம் காயிலை முழுச் சார்ஜ் மின்கலத்தில் போட்டால் 21 ஆம்பியர் மின்னோட்டம் பாயும். 18650 என்ற பரவலான அளவுள்ள மின்கலங்களில் நல்லவையே பல 20 ஆம்பியருக்கு மேல் தொடர்ந்து தாங்க வடிவமைக்கப்பட்டவை அல்ல. தவறிப்போனால் நிறுத்திவைக்க உள்ளே ஒரு சுற்றும் கிடையாது. 2018 மே மாதம் அமெரிக்காவின் ஃபுளோரிடாவில், செயிண்ட் பீட்டர்ஸ்பர்க் நகரத்தில், வேப் கருவி வெடித்து ஒருவர் இறந்தார். அது இந்த ரகக் கருவி. மின்சாரக் கணக்கு கைவசம் இல்லாதவர் மெக் மோட் பக்கமே போகக் கூடாது என்பது என் கட்சி. இதற்கு மேல் அதைப் பற்றிப் பேச எனக்கு ஒன்றுமில்லை.

இரண்டாவதுதான் உண்மையான நிலையான வோல்ட். இங்கே திருகி இருந்தது. தயாரிப்பாளர் அதை ஓர் இடத்தில் நிறுத்தி, கழற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு போய்விட்டார். மின்கலம் 4.2 வோல்ட் தந்தாலும் 3.6 தந்தாலும் உள்ளேயிருக்கும் சுற்று அதை இறக்கி, காயிலுக்கு ஒரே அளவாகக் கொடுக்கும். இறக்குவது எளிய, மலிவான வேலை. ஏற்றுவதற்குத்தான் கூடுதல் உறுப்புகள் வேண்டும். எனவே இத்தகைய கருவிகள் பெரும்பாலும் 3.3, 3.4 வோல்ட் என்று கீழேயே நிற்கும், மின்கலம் அதற்கும் கீழே தணிந்ததும் விளக்கைச் சிமிட்டிவிட்டு அணைந்துகொள்ளும். இன்று கடைகளில் கண்ணாடிப் பெட்டியை நிறைத்திருக்கும், பாட் எனப்படும் சின்னக் கருவிகள் பல இந்தக் குடும்பம். கல், பர்னர், மாவு, தீ நான்கையும் ஒரே ஆள் பொருத்திப் பார்த்துத் தந்திருக்கிறார் என்பது இதன் பலம். அவர் சரியாகப் பொருத்தியிருந்தால் பயனாளர் தப்பு செய்ய இடம் குறைவு. அந்த பாட் கருவியில் வேறு திரவத்தை ஊற்றினால் அந்தப் பொருத்தம் குலைந்துவிடும். சரிசெய்யத் திருகியும் இல்லை.

கையில் இருப்பது எந்த ரகம் என்று கண்டுபிடிக்க அட்டையைப் படிக்கத் தேவையில்லை. சார்ஜரிலிருந்து எடுத்ததும் முதல் இழுப்பும், சார்ஜ் தீரும் நேரத்து இழுப்பும் ஒரே மாதிரி இருக்கிறதா? இருந்தால் சுற்று வேலை செய்கிறது. காலையில் சீறி மாலையில் முனகினால், நிலையான வோல்ட் என்று சொல்லிக் கரியடுப்பை விற்றிருக்கிறார்கள்.

மூன்றாவது, திருகி உள்ள கேஸ் அடுப்பு. ஜாய்டெக் நிறுவனத்தின் ஈகோ-சி ட்விஸ்ட் என்ற பேனா ஒரு காலத்தில் இதற்கு முகவரிபோல் இருந்தது. அடிப்பாகத்தைத் திருகினால் 3.2இலிருந்து 4.8 வோல்ட்வரை போகும். மின்கலமே 4.2க்கு மேல் தராதபோது 4.8 எங்கிருந்து வருகிறது? உள்ளே ஒரு சின்ன ஏற்றுச்சுற்று, மின்கலத்திலிருந்து அதிக மின்னோட்டத்தை இழுத்து, அதை அதிக வோல்ட்டாக மாற்றிக் கொடுக்கிறது. அழுத்தம் சும்மா வருவதில்லை. சிலிண்டர் சீக்கிரம் தீரும்.

திருகி இருக்கிறது என்பதற்காக அதிலுள்ள எண்ணை நம்பிவிட வேண்டியதில்லை. ஆரம்பகால மலிவான கருவிகள் பல வோல்ட்டை உண்மையில் ஏற்றி இறக்கவில்லை. மின்சாரத்தை நொடிக்கு முப்பது சொச்சம் தடவை முழுதாகப் போட்டு முழுதாக அணைத்தன. பெரிய தீயைப் பற்றவைத்து, அணைத்து, பற்றவைத்து, அணைத்து, சராசரியில் இது சின்னத் தீ என்று கணக்குச் சொல்வது. இந்தக் கணக்கில் ஒரு மோசடி ஒளிந்திருக்கிறது. 6 வோல்ட்டைப் பாதி நேரம் மட்டும் கொடுத்தால் சராசரி 3 வோல்ட். திரையும் 3 என்றே காட்டும். 1.8 ஓம் காயிலுக்கு 3 வோல்ட் என்றால் 5 வாட்தான் வர வேண்டும். ஆனால் 6 வோல்ட் ஓடுகிற அந்தப் பாதி நேரத்தில் தீ 20 வாட். அதில் பாதி 10 வாட். கல் அறிவது வாட்டை மட்டும்தான்; திரை என்ன சொல்கிறது என்பது அதற்குத் தெரியாது. திரையில் தெரிகிற எண்ணுக்குரிய தீயைப் போல இரண்டு மடங்கு தீ உள்ளே எரிந்துகொண்டிருக்கும். "எண்ணைக் குறைச்சுத்தான் வெச்சேன், ஆனாலும் கருகுது" என்று புலம்பியவர்களில் பலர் பொய் சொல்லவில்லை.

பிறகு வந்தவை திருகியில் வோல்ட்டுக்குப் பதிலாக வாட்டையே எழுதின. இவால்வ் என்ற அமெரிக்க நிறுவனத்தின் டார்வின் 2011இல் அதைக் கொண்டுவந்தது. காயிலின் ஓமைக் கருவியே அளந்து, கேட்ட வாட்டுக்கு வேண்டிய வோல்ட்டைத் தானே கணக்குப் போட்டுக்கொள்ளும். அதே நிறுவனம் 2014இல் ஒரு படி மேலே போய்க் கம்பியின் சூட்டையே கணிக்கத் தொடங்கியது. நிக்கல், டைட்டானியம், ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் கம்பிகள் சூடேற ஏற மின்தடை கூடும். அந்தக் கூடுதலை அளந்தால் சூடு எவ்வளவு என்று தெரிந்துவிடும். கல்லில் தண்ணீர் தெளித்து, சுர்ரென்ற சத்தத்தை வைத்துப் பதம் பார்க்கிறாரே மாஸ்டர், அந்த வேலை இது. பஞ்சு காய்ந்து சூடு தாவினால் கருவியே தீயைக் குறைத்துவிடும். காந்தால் கம்பியில் இது பலிக்காது. சூடேறினாலும் அதன் மின்தடை அதிகம் மாறுவதில்லை. வோல்ட்டைக் கூட்டிக் குறைக்கும் கருவி வாங்க நினைப்பவர் இந்த நாள்களில் வாட் காட்டும் கருவியை வாங்குவதே மேல். வோல்ட் மட்டும் காட்டும் திருகி, பாதிக் கணக்கை வாடிக்கையாளர் தலையில் கட்டிவிடுகிறது.

கருகல்

எண்ணெய்ச் சட்டி அளவுக்கு மீறிக் காய்ந்தால் கண்ணைக் கரிக்கும் ஒரு புகை எழும். அதில் முக்கியமான ஆள் அக்ரோலின். கொழுப்பிலுள்ள கிளிசரின் பகுதி சிதைவதால் அது பிறக்கிறது. வேப் திரவத்தில் பாதிக்கு மேல் கிளிசரினாகவே இருப்பது உண்டு. அளவுக்கு மீறிச் சூடாக்கினால் அதே அக்ரோலின்தான் வரும். கூடவே ஃபார்மால்டிஹைடும் அசிட்டால்டிஹைடும் சேரும். ஃபார்மால்டிஹைட் மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் என்று உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை வகைப்படுத்தியிருக்கிறது.

2014இல் லியோன் கோஸ்மிடரும் சக ஆய்வாளர்களும் வோல்ட்டை 3.2இலிருந்து 4.8 வரை ஏற்றிப் பார்த்தார்கள். மேலே நாம் கணக்குப் போட்ட அதே எல்லைகள். ஆவியிலிருந்த ஃபார்மால்டிஹைட் வகையறா 4 மடங்கிலிருந்து 200 மடங்குக்கும் மேல்வரை கூடியது. தீ இரண்டே கால் மடங்குதான் கூடியது என்பதை இதன் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். ஈரம் தீரும் இடத்தைத் தாண்டியதும் கருகல் படிப்படியாக ஏறாமல் ஒரே தாவலாகத் தாவுகிறது.

அடுத்த வருடம், 2015 ஜனவரியில், நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசினில் போர்ட்லண்ட் மாநிலப் பல்கலைக்கழக ஆய்வாளர்களின் கடிதம் ஒன்று வெளிவந்தது. 3.3 வோல்ட்டில், திரவத்தோடு பிணைந்து மறைந்திருக்கும் ஃபார்மால்டிஹைட் ஒன்றும் தென்படவில்லை. 5 வோல்ட்டில் கணிசமாகத் தென்பட்டது. உலகம் முழுக்கத் தலைப்புச் செய்தி. உடனே மறுப்பும் வந்தது. கிரேக்க இருதயநோய் ஆய்வாளர் கான்ஸ்டன்டினோஸ் ஃபர்சலினோஸ் அனுபவமுள்ள வேப் பயனாளர்களை அழைத்துப் பிடிக்கச் சொல்லி, எந்தத் தீயில் கருகிய சுவை வருகிறது என்று குறித்துக்கொண்டார். ஆல்டிஹைடுகள் மிகுதியாக வந்தது அந்தக் கருகிய இழுப்பில் மட்டுமே. மனிதர் யாரும் அதை விரும்பி இழுக்க மாட்டார், இயந்திரம்தான் இழுக்கும் என்பது அவர் வாதம்.

இரண்டு தரப்பையும் ஒரு தோசைக் கடைக்காரர் சுலபமாகச் சமாதானம் செய்துவிடுவார். அடியோடு கருகிய தோசையை யாரும் சாப்பிடுவதில்லை என்பது உண்மை. ஆனால் முழுக் கருகலுக்கும் பொன்முறுகலுக்கும் நடுவே, ஓரம் மட்டும் கறுத்த தோசைகள் எத்தனையோ தினம் தட்டில் போய்க்கொண்டுதான் இருக்கின்றன. வேப்பில் ஒரு சங்கடம் கூடுதலாக இருக்கிறது. மாம்பழம், பழரசம், மெந்தால் குளிர்ச்சி என்று இனிப்பும் வாசனையும் தூக்கலாகச் சேர்ப்பது மலேசியத் திரவங்களுக்கே பேர்போன பாணி. அந்த இனிப்பு கம்பியில் படிந்து கறுத்துப் பொருக்காகும், பஞ்சின் ஓட்டத்தை அடைக்கும். அதே குளிர்ச்சி, தொண்டைக்குக் கருகலை மறைத்தும் கொடுக்கும். கல் பழுதாவதும் தெரியாது, தோசை கருகுவதும் தெரியாது. நாக்கையே எச்சரிக்கை மணியாக நம்பச் சொல்கிற ஃபர்சலினோஸின் வாதம் இங்கே எனக்குக் கொஞ்சம் தடுமாறுகிறது.

சட்டம் பார்க்கிற இடம்

மலேசியாவில் வேப் திரவத்தில் இருக்கும் நிகோடின் 1952ஆம் ஆண்டு நச்சுப்பொருள் சட்டத்தின் பிடியில் இருந்தது. 2023 மார்ச் 31 அன்று அந்தச் சட்டத்தின் நச்சுப்பட்டியலிலிருந்து அது விலக்கப்பட்டது. மறுநாளிலிருந்து மில்லிலிட்டருக்கு 40 சென் கலால் வரி. நச்சுப்பட்டியலிலிருந்து எடுத்த பிறகு மாற்றுச் சட்டம் வரும்வரை, பதினெட்டு வயதுக்குக் குறைந்தவருக்கு விற்பதைத் தடுக்கும் சட்டப் பிடிப்பு தளர்ந்துபோயிருந்தது. சட்டம் 852 என்கிற புகைப்பொருள் கட்டுப்பாட்டுச் சட்டம் 2024 அக்டோபர் 1 அன்றுதான் அமலுக்கு வந்தது. 18 வயதுக்குட்பட்டோருக்கும் இணையத்திலும் விற்கத் தடை. தேசிய சுகாதார ஆய்வுக் கணக்குப்படி, 2017இல் பதின்ம வயதினரில் 9.8 விழுக்காட்டினர் மின்சிகரெட் பிடித்தார்கள். 2022இல் அது 14.9 விழுக்காடு. பத்தாண்டுகளுக்கு முன்பே ஜொகூரும் கிளந்தானும் விற்பனையை நிறுத்தின. திரங்கானுவும் பெர்லிஸும் 2025 ஆகஸ்டில் நிறுத்தின. பினாங்கில் இதற்கு எதிராகச் சளைக்காமல் குரல் கொடுத்தது பினாங்கு பயனீட்டாளர் சங்கம். 2019இல் மறைந்த எஸ். எம். முகமது இத்ரிஸ் அரை நூற்றாண்டு காலம் வழிநடத்திய அமைப்பு அது. சிகரெட்டுக்கு எதிராக எந்த உறுதியோடு நின்றதோ, வேப்புக்கு எதிராகவும் அதே உறுதியோடு முழுத் தடை கேட்கிறது.

கருவிக்கும் விதி உண்டு. 2022 ஆகஸ்டிலிருந்து விற்பனைக்கு வரும் மின்சிகரெட் கருவிகள், தரச்சான்று அமைப்பான சிரிமின் சான்றிதழ் பெற்று முத்திரையோடு இருக்க வேண்டும். மின்கலமும் மின்சுற்றும் ஒரு தரத்துக்கு உட்பட்டவை என்பதற்கு அந்த முத்திரை ஓர் உத்தரவாதம்; வாங்குகிறவர் முதலில் தேட வேண்டியது அதைத்தான். ஆனால் முத்திரை பெற்ற திருகியை எங்கே வைப்பது என்பதில் எந்தச் சட்டமும் தலையிடாது. வயதைப் பார்க்கலாம், புட்டியைப் பார்க்கலாம், வரி வில்லையைப் பார்க்கலாம். கல் எவ்வளவு சூடு என்பது பிடிக்கிறவர் விரல் சமாச்சாரம்.

எதை எடுப்பது?

சிகரெட்டை விட்டுவிட்டு வருகிறவருக்கு என் பரிந்துரை, சுற்றுக் கட்டுப்பாடு உள்ள நிலையான வோல்ட் கருவிதான். கடைக்காரர்கள் சொல்வதற்கு நேர்மாறு என்று தெரிந்தேதான் சொல்கிறேன். திருகி ஒரு வசதி என்பதைவிட ஒரு பொறுப்பு. காயிலின் ஓம் என்ன, திரவம் கெட்டியா மெல்லியதா, நிகோடின் எத்தனை என்று மூன்றும் தெரிந்தவருக்குத்தான் அது பயன்படும். இருவேறு திரவங்களை மாற்றி மாற்றிப் பயன்படுத்துகிறவருக்கும், காயிலைத் தானே மாற்றுகிறவருக்கும் திருகி வேண்டும். மற்றவருக்கு அது விரல் அரிப்பு. வாங்கியே ஆக வேண்டும் என்றால், காயிலில் அச்சிட்டிருக்கும் வாட் எல்லையின் அடிமட்டத்தில் தொடங்குங்கள். புதுக் காயிலில் திரவத்தை ஊற்றி, பஞ்சு முழுக்க நனையப் பத்து நிமிடம் விட்டுவைத்துவிட்டு, அரை வாட், அரை வாட்டாக ஏற்றுங்கள். சுவை நிறைந்த இடத்தில் நிறுத்திவிட வேண்டும். அதற்கு மேல் ஏறுவது சுவைக்காக இல்லை, மேகத்துக்காக.

நிகோடின் கணக்கைத் தீயின் கணக்கிலிருந்து பிரிக்க முடியாது. உப்பு நிகோடின் எனப்படும் செறிவான திரவங்கள், சின்னத் தீயுள்ள பாட் கருவிகளுக்காக உருவானவை. மில்லிலிட்டருக்கு 3 மில்லிகிராம் திரவத்துக்கென்று செய்த பெரிய தீ அடுப்பில் அந்தச் செறிவானதை ஊற்றினால், ஓர் இழுப்பிலேயே பல இழுப்பின் நிகோடின் உள்ளே போய்விடும். தலைசுற்றல், குமட்டல், படபடப்பு. மலேசியாவின் தேசிய நச்சு மையம் நம் தீவிலேயே, குளுகோரில், அறிவியல் பல்கலைக்கழக வளாகத்தில் இருக்கிறது. வீட்டில் குழந்தை வேப் திரவத்தை வாயில் வைத்துவிட்டால் உடனே மருத்துவமனைக்கு ஓட வேண்டும், வழியிலேயே அந்த மையத்தையும் அழைக்கலாம்.

நிகோடினைப் படிப்படியாகக் குறைத்து ஒருநாள் விட்டுவிட வேண்டும் என்று நினைக்கிறவர்களுக்கு இந்தத் திருகியில் ஒரு பொறி இருக்கிறது. லண்டன் சவுத் பேங்க் பல்கலைக்கழகத்தின் லின் டாக்கின்ஸ் குழு அதை நேரடியாகச் சோதித்து 2018இல் வெளியிட்டது. பழகிய பயனாளர்கள் 20 பேர். ஒரு வாரம் மில்லிலிட்டருக்கு 18 மில்லிகிராம் நிகோடின், ஒரு வாரம் 6 மில்லிகிராம். ஒவ்வொன்றையும் ஒருமுறை 4 வோல்ட்டில் பூட்டிய கருவியில், ஒருமுறை திருகி கையிலிருக்கும் கருவியில். நிகோடின் குறைந்தபோது அவர்கள் அதிகமாக, நீளமாக இழுத்தார்கள். திருகி கையில் இருந்தபோது தீயையும் ஏற்றினார்கள். குறைந்த நிகோடின் வாரங்களில் ஃபார்மால்டிஹைடின் தடயம் சிறுநீரில் கூடியிருந்தது. மாவில் உப்பு குறைந்ததென்று நாலு தோசை கூடுதலாகத் தின்று, தீயையும் ஏற்றிய கதை.

பூட்டிய அடுப்பும் இதிலிருந்து முழுக்கக் காப்பாற்றவில்லை. அங்கே இழுப்பு கூடியது. காப்பாற்றுவது குறைக்கிற வேகம். 18இலிருந்து 6க்கு ஒரே வாரத்தில் குதிப்பதைவிட, 18இலிருந்து 12க்கு வந்து, அதில் உடம்பு நிலைகொண்ட பிறகு அடுத்த படி இறங்குவது நல்லது. திருகி உள்ள கருவி வைத்திருப்பவர் ஒவ்வொரு படியிலும் முன்பு எந்த வாட்டில் இருந்தது என்று ஒரு தாளில் குறித்து வைக்கட்டும். நிகோடினைக் குறைத்த பத்து நாளில் அந்த எண் தன்னையறியாமல் ஏறியிருந்தால், அந்தப் படி அவசரப்பட்டு இறங்கிய படி. மறுபடி மேலே போய்க் கொஞ்ச நாள் நிற்கலாம். அந்தத் தாளை எடுத்துக்கொண்டு பக்கத்திலுள்ள அரசாங்கச் சுகாதார கிளினிக்கின் புகைநிறுத்தப் பிரிவுக்கும் போகலாம். நிகோடின் ஒட்டும் பிளாஸ்திரியும் மெல்லும் வில்லையும் அங்கே கேட்டுப் பார்க்கலாம். அவற்றுக்குக் காயிலும் வேண்டாம், வோல்ட்டும் வேண்டாம்.